பதினாறு மணி நேர ஆள்

இங்கிலாந்தில் ஜன்னல் துடைக்கும் தொழிலைத் தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பல இடங்களில் உள்ளூராட்சியிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். எல்லை தாண்டித் தெற்கே வந்துவிட்டால் அதுவும் கிடையாது. ஓர் ஏணி, ஒரு வாளி, ரப்பர் பட்டை போட்ட வைப்பர், நாலைந்து துணிகள், தெரியாத வீட்டின் கதவைத் தட்டும் துணிச்சல். இவை இருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே தொழிலில் இறங்கிவிடலாம். வருமானத்தை வரித்துறையிடம் ஒழுங்காகக் காட்ட வேண்டும். அதற்குமேல் அரசாங்கம் ஜன்னல் துடைப்பவரிடம் பெரிதாக எதுவும் கேட்பதில்லை.

நாலு வாரத்துக்கு ஒருமுறையோ எட்டு வாரத்துக்கு ஒருமுறையோ போய்த் துடைக்கும் வீடுகளின் பட்டியலை அங்கே 'ரவுண்ட்' என்கிறார்கள். தெருத்தெருவாக அலைந்து, மழையில் நனைந்து, வருடக்கணக்கில் சேர்த்த சொத்து அது. வாங்கவும் செய்வார்கள், விற்கவும் செய்வார்கள். மாத வரும்படியைப் போல் இத்தனை மடங்கு என்று விலை பேசுவார்கள். ஆனால் பட்டியலில் எழுதாத விஷயங்கள்தான் அதில் அதிகம். எந்த வீட்டில் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள், எந்தத் தோட்டக் கதவின் கொண்டி உள்பக்கம் மேலே இருக்கிறது, எந்த வீட்டம்மா இரவு வேலை முடித்துவிட்டுக் காலையில் தூங்குவார், எந்தப் பெரியவரிடம் ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டு வர வேண்டும் என்பதெல்லாம் ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. தொழில் என்று தனியாக ஒன்று இல்லை. அவருடைய தோளும் முழங்காலும் ஞாபகமும்தான் தொழில்.

அதனால்தான் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் தொழிலும் படுத்துவிடுகிறது. புதிதாகக் கேட்டு வரும் வீடுகளை வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் ஏற்றுக்கொள்கிறார். நாலு வாரத்தில் போக வேண்டிய வீட்டுக்கு ஆறாவது வாரம் போகிறார். சனிக்கிழமையும் வேலை என்றாகிறது. கணக்கெழுதுவது ஞாயிறு இரவுக்குத் தள்ளிப்போகிறது. ஒரு கட்டத்தில் வீட்டிலிருப்பவர்களே சொல்லிவிடுகிறார்கள்: ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், முழு நேரத்துக்குக் கட்டாது, பாதி நேரத்துக்காவது.

இந்தப் 'பாதி நேரம்' என்ற சொல் சுலபமாக ஏமாற்றிவிடும். சம்பளம் பாதி, பொறுப்பும் பாதி, தலைவலியும் பாதி என்று அதைக் கேட்டதும் தோன்றும். பாதியாவது மணிக்கணக்கு ஒன்றுதான். மற்றவை முழுசாகவே வந்து சேர்கின்றன என்பது ஆளை வைத்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் இளைஞராக இருந்தபோது ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். எல்லாவற்றையும் சந்தையில் விலை கொடுத்து வாங்க முடியும் என்றால் நிறுவனங்கள் எதற்கு? ஒவ்வொரு வேலைக்கும் அன்றன்றைக்கு ஒருவரைப் பிடித்து, விலை பேசி, முடித்து அனுப்பினால் போதாதா? 1932இல், 21 வயதில், டண்டீ நகரில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதே விடையை அவர் ஓரளவு எட்டிவிட்டார். 'எகனாமிக்கா' இதழில் அது கட்டுரையாக வந்தது 1937இல். சந்தையில் ஆள் தேடுவதற்கும், விலை பேசுவதற்கும், பேசியபடி நடக்கிறதா என்று பார்ப்பதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவைவிட ஒருவரை நிரந்தரமாகக் கூட வைத்துக்கொள்வது மலிவாகும் இடத்தில் நிறுவனம் பிறக்கிறது என்றார். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தக் கட்டுரையும் ஒரு காரணம். பெரிய கம்பெனிகளை விளக்க எழுதப்பட்டதாகத்தான் இதைப் பலரும் படிக்கிறார்கள். ஒற்றை ஆள் இரண்டு ஆளாகும் இடத்துக்குத்தான் இது இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. கோஸ் சொன்ன எல்லைக்கோட்டை ஜன்னல் துடைப்பவர் தன் வேன் கதவருகே நின்று பார்க்கிறார்.

கோட்டைத் தாண்டியதும் அதுவரை எட்டிப் பார்க்காத அரசாங்கம் வந்து நிற்கிறது. முதல் சம்பளத்துக்கு முன்பே வேலையளிப்பவராக வரித்துறையில் பதிய வேண்டும். ஒவ்வொரு சம்பளத்தையும் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ தெரிவிக்க வேண்டும். வருபவருக்கு அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்பதை முதல் நாளுக்கு முன் சரிபார்க்க வேண்டும். பார்க்காமல் சட்டப்படி உரிமை இல்லாத ஒருவரை வைத்துக்கொண்டால் 2024 பிப்ரவரி முதல் முதல்முறைத் தவறுக்கே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். வேலை நிபந்தனைகளை முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2020 ஏப்ரலிலிருந்து சட்டம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 50 லட்சம் பவுண்டுக்குக் குறையாத வேலையளிப்பவர் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இல்லாமல் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை தண்டம் விழலாம்.

இவற்றில் எந்த ஒன்றும் பகுதி நேர ஆளுக்கென்று பாதியாவதில்லை. வாரத்தில் நாலு மணி நேரம் வந்து போகிறவருக்கும் அதே காப்பீடுதான், அதே எழுத்து ஒப்பந்தம்தான். பகுதி நேரம் என்பதற்காக ஒருவரைக் குறைவாக நடத்தக் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. முழு நேர ஆளுக்குச் சம்பளத்தோடு கூடிய 5.6 வார விடுப்பு என்றால் இவருக்கும் அதே 5.6 வாரம், அவருடைய மணிக்கணக்கில். வாரம் 16 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 89.6 மணி நேரம்.

இந்தச் சுமையைப் பார்த்துப் பலரும் குறுக்குவழிக்குப் போகிறார்கள். "நீ சுயதொழில் செய்பவன் என்று எழுதிக்கொள், உன் வரியை நீயே கட்டிக்கொள், நான் நாள் கூலி தந்துவிடுகிறேன்" என்று பேசி முடிக்கிறார்கள். வேன் முதலாளியுடையது, துடைக்கும் கம்பு முதலாளியுடையது, எந்த வீடு எத்தனை மணிக்கு என்று சொல்பவரும் முதலாளி. ஆனால் தாளில் மட்டும் இருவரும் தனித்தனித் தொழில்காரர்கள். தாளில் எழுதியதை வைத்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை. 1968இல் ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் வழக்கில் நீதிபதி வகுத்த அளவுகோல்கள் இன்றும் பேசப்படுகின்றன: கூலிக்குத் தன் உழைப்பைத் தருகிறாரா, இன்னொருவரின் கட்டுப்பாட்டில் செய்கிறாரா, மற்ற நிபந்தனைகளும் அதற்கு ஒத்துப்போகின்றனவா. அந்த வழக்கில் சொந்த லாரி வைத்திருந்த ஓட்டுநர் தனித் தொழில்காரர் என்றே தீர்ப்பானது. ஆனால் கம்பெனிச் சீருடையும் கம்பெனி வேனுமாக வேலை பார்த்த லண்டன் பிளம்பர் ஒருவரின் வழக்கில் 2018இலும், ஊபர் ஓட்டுநர்களின் வழக்கில் 2021இலும் உச்ச நீதிமன்றம் உழைப்பவர் பக்கம் நின்றது.

சட்டத்தை விட்டுவிட்டாலும் இந்தக் குறுக்குவழி தவறுதான். வாரம் 125 பவுண்டுக்குமேல் முறையான சம்பளம் பெறுகிறவருக்கு, 2025-26 கணக்குப்படி, சம்பளம் சிறியதாக இருந்தால் ஒரு பென்னிகூடப் பிடித்தம் இல்லாமலே அரசு ஓய்வூதியக் கணக்கில் ஆண்டு சேர்கிறது. கைக்காசாக, கணக்கில் வராமல் வாங்கியவருக்கு அந்த வருடம் விட்டுப்போகிறது. அவருக்கு இது 66 வயதுக்குமேல்தான் தெரியும். இன்று சில பவுண்டு மிச்சம் பிடித்த முதலாளி அப்போது எங்கிருப்பாரோ.

உயரம் என்ற விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டும். தனியாக வேலை செய்யும்வரை ஏணியில் எடுக்கும் துணிவு அவரவர் சொந்த விஷயம். ஈரமான புல்லில் ஏணியை ஊன்றுவது, கடைசி மூலையை எட்டுவதற்காக இடுப்பு ஏணியின் பக்கச் சட்டத்தைத் தாண்டுமளவு சாய்வது, இதையெல்லாம் அவர் 20 வருடம் செய்து தப்பித்திருக்கலாம். பிரிட்டனில் 2023-24இல் வேலையிடத்தில் இறந்த 138 பேரில் 50 பேர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தவர்கள். 2005ஆம் ஆண்டின் உயர வேலை விதிகள் முதலில் கேட்பது, ஏறாமல் செய்ய வழி இருக்கிறதா என்பது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் அடி சுவரைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும்; ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்குமேல் நிற்கக் கூடாது. முதலாளிக்கு இந்த அளவுகளெல்லாம் மனப்பாடமாக இருக்கும். கடைப்பிடித்திருக்கிறாரா என்பது வேறு. ஆள் வந்த அன்றைக்கு அவரும் கடைப்பிடித்தாக வேண்டும். புதியவர் முதலில் பழகுவது முதலாளி சொல்வதைப் பார்த்து அல்ல, அவர் ஏறுவதைப் பார்த்துத்தான். பகுதி நேர ஆள் விழுந்தாலும் முழு உயரத்திலிருந்துதான் விழுகிறார்.

நல்லவேளையாக, இந்தத் தொழிலில் ஏணியின் தேவை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. கார்பன் ஃபைபர் கம்பின் நுனியில் பிரஷ், அதற்குள் ஓடும் குழாயில் சுத்திகரித்த தண்ணீர் என்ற முறையில் தரையில் நின்றபடியே மாடி ஜன்னலைக் கழுவிவிடுகிறார்கள். வேனுக்குள் இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் போகும் முன் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் வடிகட்டியிலும் ரெசின் குடுவையிலும் அதன் தாதுக்களை நீக்கிவிடுகிறார்கள். லண்டனைச் சுற்றிய பகுதிகளில் குழாய்த் தண்ணீர் கடினநீர். அதைக் கண்ணாடியில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். தாது இல்லாத தண்ணீர் காய்ந்தால் எதுவும் நிற்காது, துடைக்கவும் வேண்டாம். புதிதாக வரும் ஒருவர் இந்த முறையைச் சில நாளில் பிடித்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை வேறு. 400 லிட்டர் தொட்டி நிரம்பினால் 400 கிலோ எடை. அதைச் சுமந்து ஓடும் வேனில் பிரேக் பிடிப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். நீட்டிய கம்புக்குப் பக்கத்தில் மின்கம்பி இருந்தால் அந்த ஜன்னலை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லித் தர வேண்டும்.

வைப்பர் பிடிப்பது இப்படிச் சில நாளில் வராது. அதன் இன்றைய வடிவத்தைத் தந்தவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய் ஓக்லண்டில் ஜன்னல் துடைத்தவர். அதற்குமுன் புழக்கத்தில் இருந்தது கனமான இரும்பு வைப்பர். அதில் இரண்டு ரப்பர் பட்டைகள் இருந்தன. மாற்ற வேண்டுமென்றால் பன்னிரண்டு திருகுகளைக் கழற்ற வேண்டும். 1936இல் ஸ்டெக்கோனே அதை எடை குறைந்த பித்தளையில், ஒற்றை ரப்பர் பட்டையோடு செய்தார். கண்டுபிடிப்பாளர் என்ற பெயர் எடுக்கும் முன் அவர் வாளி தூக்கியவர். தன் மணிக்கட்டு வலியிலிருந்து புறப்பட்ட கருவி என்பதால்தான் உலகெங்கும் மற்ற மணிக்கட்டுகளுக்கும் பொருந்தியது என்று நினைக்கத் தோன்றுகிறது.

அந்தக் கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை வந்துவிடுமா? பஞ்சுறை போட்ட கட்டையால் கண்ணாடியை நனைத்ததும் மேல் விளிம்பிலும் பக்க விளிம்பிலும் ஒரு விரல் அகலத்துக்கு ஈரத்தை வழித்து எடுத்துவிட வேண்டும். அந்த உலர்ந்த கோட்டிலிருந்து ரப்பரை ஓட்டத் தொடங்கினால்தான் பின்னால் தண்ணீர் ஒழுகாது. ரப்பரின் ஒரு முனை எப்போதும் கொஞ்சம் முன்னால் போக வேண்டும், தண்ணீர் ஈரமான பக்கமாகவே தள்ளப்பட வேண்டும். திரும்பும் இடத்தில் அழுத்தம் குறைந்தால் பிறை வடிவில் ஒரு கறை நிற்கும். அதைத் துணியால் துடைத்தால் துணியின் தடம் நிற்கும். நிழலில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. மாலையில் வெயில் சாய்வாக விழும்போது அத்தனையும் தெரியும். அப்போது வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பழகிய கையின் வேகத்துக்கு ஓர் அளவு சொல்ல வேண்டுமென்றால், எசெக்ஸைச் சேர்ந்த டெர்ரி பரோஸ் 2009இல் 45 அங்குலச் சதுரமான மூன்று ஜன்னல்களை 9.14 விநாடியில் துடைத்துக் கின்னஸ் சாதனை செய்தார். அது போட்டி. அன்றாட வேலையிலும் பழகியவருக்கும் புதியவருக்கும் வேகத்தில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். இங்கேதான் நல்ல தொழிலாளி பொறுமையற்ற முதலாளியாகிவிடுகிறார். "விடுங்க, நானே செஞ்சுடறேன்" என்று வைப்பரை வாங்கிக்கொள்கிறார். அன்றைய வீடு சீக்கிரம் முடிந்துவிடும். ஆள் மட்டும் எதையும் கற்றிருக்கமாட்டார். முதல் மாதத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் செய்யும் வேலையைவிடக் குறைவாகச் செய்வதும் உண்டு. அதற்கான காசையும் பொறுமையையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு ஆள் தேட வேண்டும்.

சோதனை நாள் என்று சொல்லி ஒருநாள் முழுக்கச் சும்மா வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கை எப்படி இருக்கிறது என்று பார்க்க அரை மணி நேரம் போதும். அதற்குமேல் ஒருவர் நின்று துடைக்கும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். அந்தப் பணத்தில் துடைத்தவருக்குப் பங்கு இல்லை என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வேனில் போகும் நேரமும் கூலி நேரம்தான். குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சரி, பாதி நேர வேலைக்கு யார் வருகிறார்கள்? குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு மறுபடி அழைத்துவருவதற்குள் ஒரு வேலை தேடுகிற தாய். வகுப்பில்லாத நாட்களில் வர முடிகிற மாணவர். முழு நேர வேலையை உடம்பு தாங்காத ஐம்பது வயதுக்காரர். வீட்டில் படுக்கையில் கிடக்கும் அப்பாவையோ மாற்றுத்திறனுள்ள மகளையோ பார்த்துக்கொள்பவர். பாதி நேரம் என்று வருகிறவர்கள் யாரும் மீதி நேரம் சும்மா இருப்பவர்கள் இல்லை. மீதி நேரத்தில் இதைவிடக் கடினமான வேலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

கடைசியாகச் சொன்னவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒருவரைப் பராமரிப்பவருக்கு இங்கிலாந்தில் கேரர்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகை உண்டு. 2025-26இல் வாரம் 83.30 பவுண்டு. அதை வாங்குகிறவர் வேலைக்கும் போகலாம், ஆனால் அந்த ஆண்டில் வருமானம் வாரம் 196 பவுண்டைத் தாண்டக் கூடாது. 2025 ஏப்ரலில் இந்த வரம்பை வைக்கும்போது குறைந்தபட்சக் கூலியில் 16 மணி நேர வேலைக்குப் பொருந்தும்படி வைத்தார்கள். அப்போது 21 வயதைத் தாண்டியவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு. பதினாறால் பெருக்கினால் 195.36. வரம்புக்கு மிச்சம் 64 பென்ஸ்.

இந்த 64 பென்ஸில் நாலு நிமிஷ வேலைக்கு இடமில்லை. ஓய்வூதியத்துக்குக் கட்டும் பணத்தில் பாதியைக் கழிக்கலாம், ஏற்ற இறக்கமான வருமானத்துக்குச் சராசரி பார்ப்பதுண்டு என்பன போன்ற சலுகைகளைத் தள்ளிவைத்துப் பார்த்தால், கணக்கு அவ்வளவு இறுக்கமானது. வரம்பைத் தாண்டிய தொகைக்கு ஏற்பக் கொஞ்சம் குறைப்பார்கள் என்றும் இல்லை. ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்து 83.30 முழுவதும் போய்விடும். தாண்டியது உடனே தெரியவும் வராது. வருடங்கள் கழித்து, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வரும். இப்படித் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கும் பராமரிப்பாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம் என்பது 2024இல் பிரிட்டனில் பெரிய செய்தியாக இருந்தது.

இப்போது ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தை எண்ணிப் பார்க்கலாம். வானம் வெளுத்திருக்கிறது, இன்னும் இரண்டு வீடுதான் பாக்கி. "ஒரு மணி நேரம் கூட இருந்துட்டுப் போங்களேன், முடிச்சுடலாம்" என்று முதலாளி நல்ல மனதோடு கேட்கிறார். இருந்தால் கையில் கூடுதலாக வருவது 12.21, போவது 83.30. அந்தப் பராமரிப்பாளர் தயங்குவார். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சப்படுவார். உதவித்தொகை வாங்குவதை வெளியே சொல்ல யாருக்குத்தான் சுலபம்? முதலாளிக்கோ, இவருக்கு வேலையில் ஆர்வமில்லை என்று பட்டுவிடும்.

கூலியை உயர்த்தித் தருவதிலும் இதே சிக்கல்தான். வேலை நன்றாக இருக்கிறது, மணிக்கு 13 பவுண்டாக்கிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தால், 16 மணி நேரத்துக்கு 208. வரம்பு தாண்டிவிட்டது. அதே 13 பவுண்டில் 15 மணி நேரம் என்று மாற்றிக்கொண்டால் 195. உதவித்தொகையும் நிற்கும், வாரத்தில் ஒரு மணி நேரம் வீட்டுக்கும் மிச்சமாகும். நல்லது செய்ய நினைக்கும் முதலாளி மனதோடு கால்குலேட்டரையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கூட வேலை செய்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வழியும் இல்லை.

முதலாளியின் பக்கக் கணக்கு இதைவிட எளிது. அதே 2025-26 எண்களில் வாரம் 195.36 என்றால் ஆண்டுக்கு 10,158.72 பவுண்டு. ஆண்டுக்கு 10,000 பவுண்டைத் தாண்டுவதால், 22 வயதைக் கடந்தவரானால் ஓய்வூதியத் திட்டத்தில் தானாகச் சேர்க்க வேண்டும். 6,240க்கு மேற்பட்ட தொகையில் முதலாளியின் பங்கு 3 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 118 பவுண்டு. தேசியக் காப்பீட்டில் முதலாளி கட்ட வேண்டியதை 10,500 பவுண்டு வரை தள்ளுபடி செய்யும் சலுகை சிறு தொழில்களுக்கு உண்டு என்பதால் அது அநேகமாகப் பூஜ்யமாகிவிடும். பயந்த அளவுக்கு இல்லை என்று இங்கே மூச்சு விடலாம். உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது: இரண்டு பேருக்கும் போதுமான வீடுகள் வேண்டும். வேலை தலைக்குமேல் போன மாதத்தில் அவசரமாக ஆளை வைத்துவிட்டு, ஜனவரியில் அவரை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் உண்டு. மழை வந்தால் வீட்டுக்குப் போ, கூலி இல்லை என்று சொல்லிச் சமாளிப்பதும் உண்டு. வாரத்துக்கு 16 மணி நேரம் என்று வாக்குக் கொடுத்தால் மழை வாரத்திலும் அது 16தான். அதைத் தாங்குமளவு ரவுண்ட் வளரும்வரை காத்திருப்பதே முறை. காத்திருக்கும் காலத்தில் நீண்ட நாளாக ஏற்றாத விலையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம். ஏற்றியதால் நாலு வீடு விலகிப்போனால் அதுவும் ஓய்வுதான்.

வாடிக்கையாளர் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஜன்னல் துடைப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வீட்டுக்குள் பார்க்கிறவர். 1936இல் நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் ஃபார்ம்பி ஒரு படத்தில் பாடிப் புகழ்பெற்ற ஜன்னல் துடைப்பவன் பாட்டு முழுக்க இதை வைத்துத்தான். நாடே சிரித்தது. ஆனால் தனியாக வாழும் ஒரு மூதாட்டிக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. பத்து வருடமாக வந்த முகத்துக்குப் பதிலாகப் புது முகம் தோட்டத்துக்குள் வந்து நின்றால் அவர் திடுக்கிடுவார். புதியவரை முதல் முறை ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிப்போய், கதவைத் தட்டி, பெயர் சொல்லி, "இனிமே இவங்களும் வருவாங்க" என்று அறிமுகம் செய்துவிட்டுத்தான் தனியாக அனுப்ப வேண்டும். அதற்கு ஆகும் நேரம் வீணான நேரம் என்று நினைப்பவர் ஆள் வைக்காமல் இருப்பது நல்லது. "நீங்களே வாங்க, வேறே யாரும் வேண்டாம்" என்று சில வீடுகளில் சொல்வார்கள். முதலாளிக்கு அது பெருமையாகத்தான் இருக்கும். அந்தப் பெருமைக்கு இடம் கொடுத்தால், பக்கத்தில் நிற்கும் புதியவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது மறந்துபோகும். ஆறு மாதம் கழித்து அதே வீட்டில் புதியவரின் பெயரைச் சொல்லி "இன்னைக்கு அவங்க வரலையா" என்று கேட்கும்போதுதான் தொழில் ஒருவரின் உடம்பைவிட்டு வெளியே வந்திருக்கிறது.

2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி 12.71 பவுண்டு. 16 மணி நேரத்துக்கு 203.36. ஒவ்வோர் ஏப்ரலிலும் கூலியும் வரம்புகளும் நகர்ந்துகொண்டே இருக்கும். லண்டனிலோ லெஸ்டரிலோ கடையோ கேட்டரிங்கோ நடத்திக்கொண்டு, முதல் ஆளை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ் வாசகர்களுக்கும் இதே சட்டம்தான், இதே எண்கள்தான். ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டும் முன் அந்த ஆண்டின் எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர் சொந்தக்காரப் பிள்ளையாக இருந்தாலும் முறையாகப் பதிவு செய்யுங்கள். சம்பளம் பேசும்போதே அவர் எத்தனை மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் கையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.